எலும்பு கூடிய வருஷம்

அந்த வருஷம் பங்குனிக் கடைசியில் என் வீட்டுக்காரர் கோழிக் கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டார். எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லுக்கு வடக்கே, சேலம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் காடு. கிணறு வற்றி நிலக்கடலை இரண்டு போகம் பொய்த்த பிறகு, பக்கத்துக் காட்டுக்காரர்களைப் பார்த்து நாங்களும் முட்டைக்கோழி வைத்தோம். முதலில் தரையில் கடலைத்தொலியைப் பரப்பி அதன் மேல் விட்டு வளர்த்தோம். அப்புறம் அவர் கம்பிக் கூண்டுக்கு மாற்றினார். கூண்டில் முட்டை தானாக உருண்டு முன்பக்கம் வந்து நிற்கும். கோழி அதை மிதிக்காது, கொத்தாது. வேலை பாதியாகிவிடும் என்றார். பாதியாகவில்லை. கோழிகள்தான் இரண்டு மடங்காயின.

வெயில் ஏறினால் சிமெண்ட் அட்டைக் கூரை தோசைக்கல் மாதிரி காயும். நடுப்பகலில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கும். அதற்காகக் கூரை மேல் தென்னங்கீற்று பரப்பிக்கொண்டிருந்தார். நான் கீழிருந்து கீற்றை நீட்ட, அவர் வாங்கி அடுக்கினார். அட்டையின் அடியில் இரும்புச் சட்டம் ஓடும் இடமாகப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஒரு கீற்றை எட்டி வாங்கும்போது நடுவில் மிதித்துவிட்டார். அட்டை உடைந்தது. கூண்டு வரிசையைத் தாங்கி நிற்கும் இரும்புக் கம்பத்தில் தொடை அடிபட்டு, தரையில் சரிந்தார்.

நான் உள்ளே ஓடினேன். கோழிகள் போட்ட கூச்சலில் அவர் பேசியது காதில் விழவில்லை. பக்கத்தில் குனிந்தேன்.

"எந்திரிக்க முடியுமாங்க?"

"இது என்ற கால் மாதிரியே இல்ல புள்ள."

பார்த்தேன். மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. எனக்கு அட்டை உடைந்த சத்தம் மட்டும்தான் கேட்டிருந்தது. அவருக்கு மற்றொரு சத்தமும் கேட்டதாம். பச்சை மூங்கிலை முறித்தது போல இருந்ததாக ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். அந்தச் சத்தம் அவரை விட்டுப் போக எத்தனை காலம் ஆனது என்பதுதான் நான் சொல்ல வந்ததில் முக்கால்வாசி.

அவருடைய அண்ணன் பக்கத்துக் காட்டிலிருந்து ஓடிவந்தார். ஊர்க்காரர்கள் சேர்ந்து கயிற்றுக் கட்டிலோடு தூக்கி, முட்டை ஏற்ற வந்திருந்த டெம்போவில் வைத்தார்கள்.

"சேலத்துக்குக் கொண்டுபோனா காலை எடுத்துப்புடுவாங்க. நாட்டுக்கட்டே போட்டுக்கலாம்," என்றார் அண்ணன்.

"எடுத்தா எடுக்கட்டும். வலி தாங்கலீங்ணா. சேலத்துக்கே போலாம்," என்றார் இவர்.

காலை எடுக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பின் குறுக்காக ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த உருளையில் கயிற்றை விட்டு, நுனியில் இரும்பு எடைகளைத் தொங்கவிட்டார்கள். கால்மாட்டுப் பக்கம் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். தொடையின் சதை எலும்பு நுனிகளை ஒன்றின் மேல் ஒன்றாக இழுத்துவிடுமாம்; எடை அதை எதிர்த்து இழுத்து நேராக வைத்திருக்குமாம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தொடை முறிந்தவர்களுக்கெல்லாம் அதுதான். மாதக்கணக்கில் மல்லாந்தே கிடக்க வேண்டும்.

குழந்தைகள் இருவரையும் ஆட்டையாம்பட்டியில் என் அம்மா வீட்டில் விட்டேன். இரவில் அண்ணன் துணைக்கு இருந்தார். பகலில் நான். விடிவதற்குள் எழுந்து கோழிக்குத் தீனி போட்டு, தண்ணீர்க் குழாய்களை நிரப்பி, சோறாக்கி, தூக்குப்போசியோடு மெயின் ரோட்டுக்கு நடந்து பஸ் பிடிப்பேன். அவருக்கு உடம்பு துடைத்து, மலச்சட்டி எடுத்து, சோறு ஊட்டிவிட்டு, மத்தியானம் பஸ் பிடித்துத் திரும்பினால் முட்டை பொறுக்கும் நேரம் சரியாக இருக்கும். அதற்கு ஊரிலிருந்து ஒரு அக்கா வருவாள். அவள் ஒரு வரிசையும் நான் ஒரு வரிசையுமாகப் பொறுக்குவோம். பேச மாட்டோம். முதல் வாரம் அவள் "அண்ணனுக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டாள். நான் "அப்படியே" என்றேன். அப்புறம் அவளும் கேட்கவில்லை.

அப்படியே என்பதுதான் உண்மையும். காய்ச்சல் என்றால் ஏறுகிறது இறங்குகிறது என்று சொல்லலாம். புண் என்றால் ஆறுவது கண்ணுக்குத் தெரியும். இது ஒன்றும் தெரியாது. நேற்றுப் பார்த்த அதே கயிறு, அதே எடை, அதே கால்.

அவர் சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு நாள் வார்டுக்கு வந்த சின்ன டாக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார். எலும்பு வார்டில் அந்தப் பெண் ஒருத்திதான் நின்று பதில் சொல்வாள். வயது இருபத்தைந்து இருபத்தாறு இருக்கும்.

"ஏனுங்க டாக்டரம்மா, கல்லைக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிர்றீங்க. கூடறதுக்கு மருந்து ஒண்ணும் குடுக்கறதில்லீங்களா?"

"எலும்பு கூடுறதுக்குன்னு மருந்து இல்லங்க. நேரா பிடிச்சு வைக்கிறது எங்க வேலை. கூட வைக்கிறது உங்க உடம்போட வேலை."

"நான் சும்மா கிடக்கறனுங்க."

"நீங்க கிடக்கறீங்க. உள்ள வேலை நடக்குது," என்றாள்.

என்ன வேலை என்று அவர் விடவில்லை. அவள் கால்மாட்டுக் கம்பியில் கையை ஊன்றிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடுதான், ஆனால் ஒன்றும் விடாமல் சொன்னாள். எலும்பு முறிந்தபோது அதற்குள் ஓடிய ரத்தக் குழாய்களும் அறுந்து, முறிவைச் சுற்றி ரத்தம் கட்டி நிற்கும். அதுதான் தொடக்கம். முதலில் வருபவை துப்புரவு செய்யும் செல்கள். செத்துப்போன துணுக்குகளை அவை தின்று அப்புறப்படுத்தும். பிறகு அந்த ரத்தக்கட்டுக்குள் நூல் நூலாகப் புது ரத்தக் குழாய்கள் நுழையும். எலும்பின் மேல் ஒரு மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. அதில் அதுவரை சும்மா கிடந்த செல்கள் எழுந்து பெருகும். அவை முதலில் எலும்பை உண்டாக்குவதில்லை. காது மடல் போல வளைகிற குருத்தைத்தான் இரண்டு நுனிக்கும் நடுவில் நிரப்பும். அதன் பிறகு எலும்பு கட்டுகிற செல்கள் வந்து, குருத்து இருந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்தைப் படியவைத்துக் கெட்டியாக்கும்.

"எக்ஸ்ரேல முறிஞ்ச இடத்தைச் சுத்தி மேகம் மாதிரி ஒரு முண்டு தெரியும். அது தெரிஞ்சா நல்லது. தேவைக்கு மேலயே பருமனா கட்டி வைக்கும். பின்னாடி இன்னொரு வகை செல் வந்து வேண்டாததைக் கரைச்சு எடுக்கும்."

"ஏரிக்கரை ஒடைஞ்சா மண்ணை மொத்தமாக் கொட்டி அடைச்சுப்போட்டு, பொறவு மம்பட்டியில செதுக்கறமே, அப்படிங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படித்தான்னு வச்சுக்கங்க. ஆனா செதுக்கி முடிக்க வருஷக்கணக்கு ஆகும்."

போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா?" என்று கேட்டாள். அந்த இரண்டு மாதத்தில் என்னைப் பற்றி ஒருவர் கேட்டது அது ஒன்றுதான்.

"பஸ்ல தூங்கிக்குவேனுங்க."

"குடுத்து வச்சவங்க. எனக்கு பஸ்ல தூக்கம் வராது," என்றாள். நேற்றுக் காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லையாம்.

அவள் சொன்னது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த நாளிலிருந்து நான் போனதும் "இன்னிக்கு என்ன பண்ணீட்டு இருக்குமோ உள்ள" என்பார். கூலியாட்களை விட்டுவிட்டு வந்தவர் பேசுவது மாதிரி இருக்கும். எனக்கு அந்தச் செல்கள் மேல் ஒரு எரிச்சல்கூட வந்தது. கண்ணுக்குத் தெரியாத அத்தனை பேர் அவருக்காக உழைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற நான் ஒருத்தி இங்கேயும் அங்கேயும் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். சொல்லவில்லை. சொல்லவும் தெம்பில்லை.

சித்திரை முடியும் சமயம் கோழிகள் படுக்க ஆரம்பித்தன. முதலில் முட்டை ஓடு மெலிந்தது. பொறுக்கும்போதே விரல் பட்டு நொறுங்கியது. சிலது ஓடே இல்லாமல் தோல்முட்டையாக விழுந்தது. பிறகு ஒரு காலையில் மூன்று கோழிகள் கூண்டில் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தன. கண் தெளிவாக இருந்தது. கொண்டை சிவப்பாகத்தான் இருந்தது. நிற்க மட்டும் முடியவில்லை. நீட்டினால் எட்டும் தூரத்தில் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாமல் கிடந்தன. மறுநாள் இன்னும் சில. உதவிக்கு வரும் அக்கா ஒன்றைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். அவள் கையிலேயே அதன் கால் முறிந்தது. அவள் அப்படியே விட்டுவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் மெதுவாத்தான் புடிச்சனுங்க."

"தெரியுதுக்கா," என்றேன்.

அன்று ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கால்நடை டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். மத்தியானத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்து ஆள். நடுவயது. கொட்டகைக்குள் ஒரு நடை நடந்துவிட்டு, செத்த கோழி ஒன்றைக் கேட்டு வாங்கி, வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்து அறுத்தார். தொடையெலும்பை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். அப்பளம் மாதிரி உடைந்தது.

"தொத்து நோய் இல்ல. பயப்படாதீங்க. சுண்ணாம்பு பத்தல."

தீவனம் அரைத்து வந்த மில்லில் கிளிஞ்சல் குறைவாகப் போட்டிருக்க வேண்டும் என்றார். முழு வேகத்தில் முட்டையிடுகிற கோழிக்கு அது தாங்காது. எலும்பின் உள்பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். முட்டைக்கோழிக்கு மட்டும் இந்தக் குழாய்க்குள் தனியாக ஒரு பஞ்சு எலும்பு இருக்குமாம். முதல் முட்டைக்கு முன்னாலேயே உடம்பு அதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். முட்டைக்கு ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில். அப்போது தீனி இல்லை. எலும்பைத் தின்கிற செல்கள் அந்தப் பஞ்சு எலும்பைக் கரைத்துச் சுண்ணாம்பை ரத்தத்தில் விடும். ஓடு அதிலிருந்து உருவாகும். பகலில் கோழி தின்றதும் எலும்பு கட்டுகிற செல்கள் திரும்ப நிரப்பி வைக்கும்.

"நிரப்பச் சரக்கு இல்லைன்னா கட்டுற செல் என்ன பண்ணும்? தின்னுற செல்லு மட்டும் நிக்காது. உள்ள இருக்கறது தீர்ந்தா வெளி எலும்பையும் அரிக்கும். முட்டை போடுறதை அது நிறுத்தாது பாருங்க. படுக்கற வரைக்கும் போடும்."

நான் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"கூண்டுல அசைவும் இல்ல. படுத்ததை எல்லாம் மெதுவா, உடம்போட அணைச்சு எடுத்துத் தரையில விடுங்க. கிளிஞ்சலைத் தனியா ஒரு தட்டுல வையுங்க. எல்லாம் பிழைக்காது. பாதி எந்திரிக்கும்."

அதையே செய்தேன். கட்டுத்தரையில் மாடு கட்டும் இடத்தைப் பெருக்கி, கடலைத்தொலி பரப்பி, படுத்த கோழிகளை அங்கே விட்டேன். தண்ணீரை அலகுக்குக் கிட்டே வைத்தேன். சிலது செத்தன. சிலது சில நாளில் தலை தூக்கி, பிறகு குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பிறகு எழுந்து நின்றன. ஓடவில்லை. ஆனால் நின்றன.

இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டார். டாக்டரம்மா வந்ததும் அவளிடம், "கோழிக்கு எலும்பைத் தின்னுற செல்லு இருக்குதாமாங்க. எனக்கும் இருக்குதுங்களா?" என்றார்.

"எல்லாருக்கும் இருக்கு. அதுவும் நல்லதுதான். பழசைத் தின்னாத்தான் புதுசு கட்ட முடியும்."

"இப்பவும் தின்னுட்டு இருக்குங்களா?"

"இருக்கும். இப்ப கொஞ்சம் கூடவே இருக்கும். படுத்தே கிடக்கிற காலுக்குப் பாரம் இல்லை இல்லையா? பாரம் இல்லாத எலும்பை உடம்பு மெலிய வச்சிடும். அதனாலதான் கூடினதுக்கு அப்புறம் ஊன்றி நடக்கணும்னு சொல்றோம். நின்னா, நடந்தா, கட்டுற செல்லுக்கு வேலை வரும்."

அவர் ஆமாங்க என்றார். அது உள்ளே போகவில்லை என்று எனக்குத் தெரியவில்லை அப்போது.

ஆனி மாதம் எடையை அவிழ்த்துக் கம்பியை உருவினார்கள். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பெரிய டாக்டர் காட்டினார். முறிந்த இரண்டு துண்டும் லேசாகக் கோணி நிற்க, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு முண்டு. மரத்தில் கிளை வெட்டின இடம் பருத்துக்கொள்ளுமே, அப்படி. "கூடிருச்சு. கால் ஒரு விரக்கடை குட்டை. பரவாயில்லை," என்றார். அக்குளில் வைத்து ஊன்றுகிற இரண்டு கட்டைகளோடு அனுப்பினார்கள். முதலில் பாதம் தரையைத் தொட்டால் போதும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தை இறக்க வேண்டும் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவும் வைத்தாள்.

வீட்டுக்கு வந்தவர் காலைத் தரையில் வைக்கவில்லை.

கட்டைகளை ஊன்றி ஒற்றைக் காலால் தாவித் தாவிப் போவார். அடிபட்ட காலை மடக்கி அந்தரத்தில் பிடித்துக்கொள்வார். முழங்கால் இறுகிப்போயிருந்தது, காலையும் மாலையும் விளக்கெண்ணெய் தடவி நான் மடக்கி நீட்டிவிட வேண்டும். வேர்த்து ஊற்றும் அவருக்கு. அதைப் பொறுத்துக்கொள்வார். ஊன்றச் சொன்னால் மட்டும் முகம் மாறிவிடும்.

"நாளைக்குப் பாக்கலாம்."

"டாக்டரம்மா சொன்னாங்க இல்லீங்களா? ஊன்றாட்டி மெலிஞ்சுருமாம்."

"சொன்னாங்க. அவங்க கால் இல்லையே."

ஒரு நாள் நான் வற்புறுத்தியபோதுதான் அந்த மூங்கில் சத்தத்தைப் பற்றிச் சொன்னார். பாதத்தைத் தரையில் வைக்கப் போகும்போதெல்லாம் காதுக்குள் கேட்கிறதாம். எக்ஸ்ரேயில் இருக்கிற முண்டு நிஜம்தான், ஆனால் அதை அவர் கண்ணால் பார்த்தார், சத்தத்தையோ உடம்பால் கேட்டார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனேன்.

பஸ் பயணம் நின்றதும் எனக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர் இருந்தபோது வேலை இரண்டு இடத்தில் இருந்தது; இடையில் பஸ்ஸில் உட்காரவாவது முடிந்தது. இப்போது எல்லாம் ஒரே இடத்தில், இடைவெளி இல்லாமல். குழந்தைகளும் பள்ளிக்கூடம் திறந்து வந்துவிட்டார்கள். சோறு அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்போது கை பாதியில் நின்றுவிடும். எதற்கு எழுந்தோம் என்று மறந்து கொட்டகை வாசலில் நிற்பேன். அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. எல்லாம் கொஞ்சம் தள்ளி நடப்பது போல இருந்தது.

அவருடைய கட்டிலைக் கட்டுத்தரைக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தேன், காற்றுக்காக. பிழைத்த கோழிகள் அவருடைய கண் முன்னால் மேய்ந்தன. கிளிஞ்சல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சிட்டிகை சிட்டிகையாக எறிவார். அதில் ஒன்று, கூண்டிலிருந்து எடுக்கும்போது அக்கா கையில் கால் முறிந்த கோழி. கோணலாகவே கூடி, விந்தி விந்தி நடக்கும். அதைப் பார்த்து "உனக்கு யாரு கல்லைக் கட்டித் தொங்கவுட்டாங்க?" என்பார்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல். எண்ணெய் தேய்த்துவிட்டு, உள்ளே போய்ச் சுவரோரம் ஒரு நிமிஷம் சாய்ந்தேன். படுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

அவர் கத்துகிற சத்தம் கேட்டு விழித்தேன். என்னைக் கூப்பிடவில்லை, நாயை விரட்டுகிற சத்தம். எழுந்து வாசலுக்கு வருவதற்குள் காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஊர் நாய் ஒன்று ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடியது. மற்றக் கோழிகள் சிதறி ஓடின. அவர் கட்டிலிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி வாசல் நடுவில் நின்றிருந்தார். ஒரு கட்டையை நாயின் மேல் வீசியிருக்கிறார். அது வேலியோரம் கிடந்தது. இன்னொன்று அதற்கு முன்னாலேயே கை நழுவிக் கட்டிலடியில் விழுந்திருந்தது. கையில் ஒன்றுமில்லை. இரண்டு பாதமும் தரையில் இருந்தன.

எனக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன். குனிந்து தன் காலைப் பார்த்தார். அப்புறம் அசையவில்லை. முன்னாலும் வைக்கவில்லை, பின்னாலும் வைக்கவில்லை. வேட்டி காற்றில் படபடத்தது.

"கட்டையை எடுத்துட்டு வா புள்ள," என்றார். குரல் சின்னதாக இருந்தது.

"நில்லுங்க. வாரேன்."

ஓடியிருக்கலாம். என்னால் முடியவில்லை. நடந்துபோய் வேலியோரம் கிடந்ததை எடுத்தேன், திரும்பி நடந்து கட்டிலடியில் இருந்ததை எடுத்தேன். அதுவரை நின்றார். கிட்டப் போனபோது அவருடைய தொடை நடுங்குவது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது.

"வலிக்குதுங்களா?"

"இல்ல." குனிந்தபடியே, "சத்தம் ஒண்ணும் கேக்கல," என்றார்.

கட்டைகளைக் கொடுத்தேன். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்னொரு பக்கம் என் தோளைப் பிடித்தார். நான் சுமக்கிற பாரம் அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை. அப்படியே கட்டில் வரை வந்தோம். காலை ஊன்றித்தான் வந்தார். உட்கார்ந்ததும், "எந்தக் கோழியைக் கொண்டுபோச்சு?" என்று கேட்டார். நான் எண்ணிப் பார்க்கவில்லை. விந்துகிற கோழி வைக்கோல் போருக்கு அடியில் பதுங்கியிருந்தது. நாய் கொண்டுபோனது நல்ல கால் இருந்த ஒன்றைத்தான்.

அன்றிலிருந்து ஊன்றினார். ஊன்றுகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, ஊன்றுங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆவணியில் சேலத்துக்குப் போய்க் காட்டியபோது டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து முண்டு நன்றாகக் கெட்டிப்பட்டிருக்கிறது என்றார். அவளிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது எனக்கு. அவள் தூங்கினாளா என்று கேட்கவும்.

ஐப்பசி வாக்கில் அவர் ஒரு கட்டையோடு தீனி போட ஆரம்பித்தார். அதற்கு அடுத்த வாரம் நான் ஆட்டையாம்பட்டிக்குப் போனேன். அம்மா என்ன ஏது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, உள்ளறையில் போய்ப் படுத்தேன். அம்மா சோற்றுக்கு எழுப்புவாள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பப் படுப்பேன். தறி ஓடுகிற சத்தம் பக்கத்து வீட்டிலிருந்து நாள் முழுக்கக் கேட்கும். அது தொந்தரவாக இல்லை. எத்தனை நாள் அப்படிக் கிடந்தேன் என்று நினைவில்லை. திரும்பி வந்தபோது களைப்பு தீர்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். தீரவில்லை. கொஞ்சம் பழகியிருந்தது.

ஏழெட்டு வருஷம் கழித்து அவருக்கு அதே பக்கத்து இடுப்பில் வலி வந்தது. அதற்குள் நாமக்கல்லிலேயே எக்ஸ்ரே எடுக்கிற வசதி வந்துவிட்டது. படத்தைப் பார்த்த டாக்டர் வயதில் சின்னவர். தொடையெலும்பு முறிந்த கதையை நாங்கள் சொன்னதும், எந்த இடத்தில் என்று கேட்டார். இவர் விரல் வைத்துக் காட்டினார். டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்துத் தேடினார். பருத்து நின்ற அந்த முண்டு காணோம். லேசான ஒரு வளைவும், ஓரிடத்தில் எலும்பின் சுவர் கொஞ்சம் தடித்திருப்பதும்தான் தெரிந்தது.

"நல்லா சீவி எடுத்திருக்கு. இத்தனை வருஷமா வேலை நடந்திருக்கு," என்றார். இடுப்பு வலி கால் குட்டையானதால் வந்தது. செருப்புக்கு அடியில் ஒரு தோல் கூடுதலாக வைத்துத் தைத்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் இவருக்கு ஒரே சந்தோஷம். பஸ் ஸ்டாண்ட் கிட்டத்தில்தானே, நடந்தே போய்விடலாம் என்றார்.

"நீங்க நடங்க. நான் செத்த உக்காந்துட்டு வாரேன்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எதிரில் இருந்த டீக்கடைப் பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தோம். அடுத்த மாதம் வாங்கி இறக்க வேண்டிய குஞ்சுகளைப் பற்றியும், புதுக் கொட்டகைக்கு எந்தப் பக்கம் வாசல் வைப்பது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார். நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதி கேட்டேன். இரண்டு பஸ் போனது. எழுந்திருக்கச் சொல்லவில்லை அவர்.